உலகம் சுற்றும் தவநேசனின் போர்டு

சித்திரை வெயிலில் காலி நகரின் பழைய கோட்டையைச் சுற்றிப் பார்க்க என் கேரவனில் போனேன். உள்ளே கட்டில், அடுப்பு, ஏசி. கூரை மேல் பெரிய போர்டு: “உலகம் சுற்றும் தவநேசன்”. அதுவரை நான் சுற்றியது பக்கத்து ஊரான மாத்தறை மட்டும்தான்.

கோட்டை வாசலில் போர்டு இடித்தது.

“போர்டைத் தொடக்கூடாது. ஆனா வேன் உள்ளே போகவேணும். இல்லையெண்டா உமக்கு வேலையில்லை!” என்று சாரதி அமுதலிங்கத்திடம் கத்தினேன்.

“நான் தொடமாட்டன் ஐயா. வாசல் முன்னூறு வருசமா நிக்குது, போர்டு போன கிழமை வந்தது. எதைக் கழட்டுறதெண்டு பாத்து நீங்களே கழட்டுங்கோ.”

கழற்றினேன். வேனுக்குள் இடமில்லை. போர்டைத் தலையில் சுமந்து பின்னால் நடந்தேன்.

போர்டை வாசித்த இளநீர்க்காரர் இரக்கப்பட்டார். “உம்மை வெயிலில விட்டிட்டு அந்தத் தவநேசன் எங்கே?”

“உள்ளே, ஏசியில இருக்கிறார்” என்றேன்.