பாயச வாளி

நீலாம்பிகை அம்மையின் ஆசிரமத்துக்கு எல்லாரும் நிம்மதி தேடி வருவார்கள். சுகுணா மட்டும் வாதம் பண்ண வருவாள்.

அன்றைக்குப் பௌர்ணமி. அணைக்கட்டைத் தாண்டிப் புளியந்தோப்புக்குள் இருக்கும் அந்த ஓட்டுக் கட்டடத்தில் பௌர்ணமிதோறும் வருகிறவர்களுக்கெல்லாம் மதியச் சாப்பாடு. சுகுணா ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்ட சத்தத்திலேயே அவள் எந்த மாதிரி வந்திருக்கிறாள் என்று உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

அம்மை தாழ்வாரத்தில் உட்கார்ந்து வாழையிலைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது நாற்பதுதான். சுகுணா ஐம்பத்தைந்தைத் தொடப் போகிறவள். குரு சிஷ்யையை 'அக்கா' என்பார், சிஷ்யை குருவை 'அம்மை' என்பாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

"அம்மை, ஒரு கேள்வி."

"கேளுங்கக்கா."

"வயித்துல இருக்கறதை வச்சுக்கறதும் கலைக்கறதும் அந்தப் பொண்ணோட முடிவுன்னு நான் சொல்றவ. ஊரறிஞ்ச விஷயம். சரியா?"

"சரி."

"அப்படிச் சொன்னவ வேற எதுக்கெல்லாம் தலையாட்டணும்?"

அம்மை அடுத்த இலையை எடுத்தார். "என்ன நடந்தது?"

நடந்தது இதுதான். போன வருஷம் சுகுணா வீட்டில் வேலை செய்யும் அஞ்சலைக்கு நாள் தள்ளிப்போனது. ஏற்கெனவே வீட்டில் மூன்று பிள்ளைகள். இன்னொன்று வேண்டாம் என்றாள் அஞ்சலை. புருஷனும் மாமியாரும் குதித்தார்கள். சுகுணா நேரே அவர்கள் வாசலில் போய் நின்று, "சுமக்கப் போறது யாரு, நீங்களா?" என்று கேட்டாள். பிறகு அஞ்சலையை அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தானே அழைத்துப் போய், காரியம் முடிகிற வரை கூட இருந்தாள். மகளிர் சங்கத்தில் பாதிப் பேர் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். நிறுத்தியவர்கள் எல்லாம் அறுவைகள் என்பதால் சுகுணாவுக்கு அதில் லாபம்தான்.

இப்போது அவள் மகள் நிரஞ்சனா. வெளிநாட்டில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. கூடவே கர்ப்பமும். படிப்பு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பிள்ளை இருக்கட்டும் என்று அவளே தீர்மானித்துவிட்டாள். புருஷன்கூட "உன் இஷ்டம்" என்றுதான் சொன்னானாம்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா அம்மை? 'இதுக்காடீ உன்னைப் படிக்க வச்சேன், கலைச்சிட்டுக் கிளம்பு'ன்னேன். அவ சொல்றா, 'அஞ்சலைக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?'ன்னு. சொல்லிட்டு வச்சுட்டா. அதுக்கப்புறம் போனே எடுக்கறதில்லை."

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. அதை அவளே கவனித்து, உடனே ஏற்றிக்கொண்டாள்.

"இவளோட நின்னுதா? எதிர்வீட்டு மெஹருன்னிசா எம்.காம். படிச்சவ, பர்தா போட்டுக்குவேங்கறா. என் நாத்தனார் மக கல்யாணமே வேண்டாங்கறா. இன்னொருத்தி நல்ல வேலையை விட்டுட்டு வீட்டுல உட்காரப் போறாளாம். எல்லாம் அவங்கவங்க முடிவுன்னு நான் பல்லைக் காட்டிட்டு நிக்கணுமா? இதோ, நம்ம பிலோமினா. அவ என் கட்சியே இல்லை."

பிலோமினா உள்ளே ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். சுகுணாவோடு ஒரே கான்வென்ட்டில், ஒரே பெஞ்சில் படித்தவள். இன்றைக்கும் ஞாயிறு பூசைக்குத் தவறாதவள்.

"காது கேக்குதுடீ," என்றாள் அவள்.

"கேக்கட்டும். அஞ்சலை விஷயத்துல இவ என்ன சொன்னா தெரியுமா அம்மை? 'நான்னா செய்ய மாட்டேன், பாவம்'னா."

"இன்னிக்கும் அதைத்தான் சொல்றேன்," என்றாள் பிலோமினா.

"அப்புறம் எதுக்குடீ ஃபிளாஸ்க்ல கஞ்சி எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தே?"

"அவளுக்குப் பசிக்கும்ல?"

அம்மை சிரித்தார். இலைகளைக் கட்டாக எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பந்திக்கு நேரமாச்சு. அக்கா, இன்னிக்குப் பாயசம் உங்க கையில."

"என் கேள்வி?"

"பசியோட எதுக்குப் பதில்? முதல்ல பரிமாறுவோம்."

அந்த ஆசிரமத்தில் சட்டம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பந்திக்கு மட்டும் ஒன்று உண்டு. இலைக்கு மேல் கையை மறித்துவிட்டால் அதற்கு மேல் ஒரு பருக்கை விழக்கூடாது. வெளியே கல்யாண வீடுகளில் கையை மறிப்பது சும்மா ஒரு மரியாதைக்கு. மறித்த கையைத் தள்ளிவிட்டு இன்னும் இரண்டு கரண்டி போட்டால்தான் அது உபசாரம். இங்கே அந்தக் கதை நடக்காது.

சுகுணாவுக்கு இந்தச் சட்டம் தெரியும். ஆனால் அவள் வீட்டில் சாப்பிட்டவர்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லித் தப்பித்ததில்லை. அவள் கைக்கு அது தெரியாது.

பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். சுகுணா பாயச வாளியோடு இறங்கினாள். முதல் இலையில் இரண்டு கரண்டி. "போதும்" என்றவளுக்கு மூன்றாவது. "எலும்பும் தோலுமா இருக்கே, சாப்பிடு" என்று அடுத்தவளுக்கு நாலு. பின்னாலேயே பிலோமினா ரச வாளியோடு வந்தாள். "ரசம்?" என்று கேட்டாள். தலையசைத்தால் ஊற்றினாள், கை வந்தால் நகர்ந்தாள். அவளுக்கு வேலை சுலபமாக இருந்தது.

நடுவில் கனத்த உடம்புக்காரி ஒருத்தி. "பாயசம் இன்னும் கொஞ்சம் விடுங்க."

சுகுணா அவளை மேலும் கீழும் பார்த்தாள். அரைக் கரண்டி விட்டாள். "உங்களுக்குச் சர்க்கரை இருக்குமே?"

"இருக்கு. அதைப் பாக்க டாக்டர் இருக்காரு. நீங்க பாயசத்தைப் பாருங்க."

பந்தி முழுக்கச் சிரித்தது. சுகுணா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

அடுத்து உட்கார்ந்திருந்தவள் சின்னப் பெண், காலேஜ் படிக்கிறவள். பாயசத்தைப் பார்த்ததும் இலைக்கு மேல் கையை விரித்தாள்.

"வேண்டாங்க ஆன்ட்டி."

"ஒரே ஒரு கரண்டி."

"ஐயோ, வேண்டாம்."

"உன் நல்லதுக்குத்தாம்மா!" என்று சுகுணா ஊற்றினாள். பெண் கையை எடுக்கவில்லை. அடுப்பிலிருந்து நேரே வந்த பாயசம் புறங்கையில் விழுந்தது. அவள் "ஆ!" என்று கத்தினாள்.

பிலோமினா ரச வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தாள். கை சிவந்திருந்தது. கொப்புளம் இல்லை. சுகுணா கரண்டியை வாளிக்குள் போட்டாள்.

"நல்லதுக்குத்தானே..." என்று அம்மையைப் பார்த்தாள்.

அம்மை அந்தப் பெண்ணுக்குப் புது இலை போட்டார்.

சுகுணா மிச்ச வரிசையை முடிக்கப் போனாள். கரண்டியை விட்டால் வாளியின் அடி 'ணங்' என்றது. முன்னால் உட்கார்ந்தவர்களின் இலைகளில் யாரும் தொடாத பாயசம் குளமாகத் தேங்கி, ஓரம் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. கடைக்கோடியில் ஒரு இலை மட்டும் காய்ந்து கிடந்தது.

அந்த இலைக்கு முன்னால் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள்.

"பரவால்லக்கா," என்றாள் அவள், சுகுணா வாயைத் திறப்பதற்கு முன்பே.

அம்மை அங்கே வந்து நின்றார். "அஞ்சலை, உனக்குப் பாயசம் வேணுமா, வேண்டாமா?"

அஞ்சலை வாளியை எட்டிப் பார்த்தாள். "வேண்டாம்மா."

அம்மை சுகுணா பக்கம் திரும்பினார். "வேண்டாங்கறா. அவளோட முடிவு."

"என்ன அம்மை நீங்க!" சுகுணாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வாளி காலியா இருக்கறதைப் பாத்துட்டுச் சொல்றா. இது ஒரு முடிவா?"

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள்.

போன வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் அஞ்சலை சொன்னது நினைவுக்கு வந்தது. "செஞ்சதுல எனக்கு வருத்தம் இல்லக்கா. ஆனா அவரு ஒழுங்கா வேலைக்குப் போயி, பிள்ளைய பாத்துக்க ஒரு ஆளும் இருந்திருந்தா, இன்னும் நல்லா யோசிச்சிருப்பேன்." சுகுணா அப்போது ஆட்டோக்காரனிடம் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது. நின்று கேட்கவில்லை.



சுகுணா வாளியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். டப்பாவில் கொஞ்சம் சேமியா இருந்தது. பால் இருந்தது. முந்திரி இல்லை, போகட்டும். பிலோமினா அடுப்பைத் தூண்டிவிட்டாள். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எத்தனை அடித்தும் நடக்காத காரியம் அது.

பாயசம் கொதித்து இறங்கியபோது பந்தி எழுந்து போயிருந்தது. அஞ்சலை மட்டும் மோரைக் குடித்துவிட்டு இலை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

சுகுணா வாளி நிறையப் பாயசத்தோடு அவள் முன் குனிந்தாள். "அஞ்சலை, பாயசம்?"

அஞ்சலை உள்ளே பார்த்தாள். வாசனை பிடித்தாள். வயிற்றைத் தடவினாள். பிறகு சிரித்துக்கொண்டே இலைக்கு மேல் கையை மறித்தாள்.

"இப்ப நெசமாவே வேணாங்க்கா. மூச்சு முட்டுது."

சுகுணாவின் கரண்டி இலைக்கு மேலே அப்படியே நின்றது. அடுப்படியில் தான் வெந்து இறக்கியது. இவளுக்காகவே இறக்கியது. ஒரே ஒரு கரண்டி என்ன செய்துவிடும்? வார்த்தை தொண்டை வரை வந்தது.

கரண்டி வாளிக்குள் திரும்பியது.

"நிறைய மோர் குடிச்சா இப்படித்தான்," என்று முணுமுணுத்தாள்.

"இதோட நிறுத்திக்கிட்டாளே, மாதாவே!" என்றாள் பிலோமினா அடுக்களையிலிருந்து.

அஞ்சலை எழுந்து இலையை எடுத்துக்கொண்டு போனாள். அம்மை தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். சுகுணா ஒரு டம்ளரில் பாயசம் கொண்டுவந்தாள். "வேணுமா அம்மை?" என்று கேட்டாள். அவர் கை நீட்டிய பிறகுதான் கொடுத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் கேள்விக்கு நீங்க பதிலே சொல்லலை. வேற எதுக்கெல்லாம் தலையாட்டணும்?"

அம்மை ஒரு வாய் குடித்தார். இனிப்பு சரியாக இருந்தது.

"உங்களைத் தலையாட்டச் சொன்னது யாருக்கா? வாளி கடைசி இலை வரைக்கும் வரணும். கை மறிச்சா கரண்டி நிக்கணும். நடுவுல உங்க தலை எந்தப் பக்கம் ஆடினா யாருக்கு என்ன?"

சுகுணா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் போனை எடுப்பதற்குப் பதில், "அம்மை, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க. என் நம்பர்னா எடுக்க மாட்டா," என்றாள்.

மணி போனது. எடுத்தார்கள்.

"யாருங்க?"

"நான்தாண்டீ."

"சரிம்மா. திட்ட வேண்டியதைத் திட்டி முடி."

"அது கிடக்கு. உனக்கு என்ன வேணும்னு சொல்லு. நான் வரணுமா, வேண்டாமா, சமைச்சு வைக்கணுமா, பிள்ளையைப் பாத்துக்கணுமா, இல்ல..."

அங்கேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, கரண்டி மறுபடியும் கவிழப் பார்க்கிறது என்று. இடது கையை எடுத்துத் தன் வாய்க்கு மேல் மறித்துக்கொண்டாள்.

போனில் நிரஞ்சனா மூச்சு விடுவது கேட்டது. ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.

சுகுணா கையை எடுக்கவில்லை.