செவலை மூடிய தொட்டி

நகரத்துக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டி ஒரு பெரிய குப்பைமேடு இருந்தது. அதன் சரிவில் வளை தோண்டி, செவலை என்ற நாய் தன் குட்டிகளோடு குடியிருந்தது. குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை.

லாரிகள் கொட்டிவிட்டுப் போகும் எச்சில் சோறும் மீன் தலையும்தான் செவலைக்கு உணவு. ஆனால் கொஞ்ச நாளாக லாரியில் சோறு வரவில்லை. வெறும் பிளாஸ்டிக் பைகளும் கந்தல் துணிகளுமே வந்தன. செவலையின் மடி வற்றிப்போனது. குட்டிகள் வெறும் காம்பைச் சப்பிச் சப்பி அழுதன.

"சோறெல்லாம் எங்கே போய்த் தொலைந்தது?" என்று கரியன் காகத்திடம் கேட்டது செவலை.

"ஏரிக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் ஒரு தொட்டி கட்டியிருக்கிறார்கள். நம் சோற்றை அதில் கொட்டிப் புளிக்கவைக்கிறார்கள்! அதிலிருந்து வரும் வாயுவில் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அடுப்பு எரிகிறதாம். மிச்சம் உரமாகிறதாம். நம் வயிறு எரிவது யாருக்குத் தெரிகிறது?" என்றது கரியன்.

செவலை ஏரியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தது. தொட்டிக்குப் பக்கத்தில் உரப்படுக்கை இருந்தது. ஈரச் சாக்குக்கு அடியிலிருந்து ஒரு மண்புழு தலை நீட்டியது.

"பிள்ளை பெற்றவளா நீ? குட்டிகளைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடு! காவல்காரர் நல்லவர். தன் சோற்றில் ஒரு பிடி உனக்கும் வைப்பார். அந்த மேட்டில் மட்டும் இருக்காதே, தாயே! பழைய குப்பையெல்லாம் உள்ளே அழுகி, வாயு கட்டிக் கிடக்கிறது. வெயில் ஏறினால் பற்றிக்கொள்ளும்!"

செவலையின் மனம் அசைந்தது. ஆனால் கரியன் விடவில்லை.

"ஒரு பிடி சோறு எங்கே, ஒரு லாரிச் சோறு எங்கே! தொட்டி கெட்டுப்போனால் லாரி பழையபடி நம்மிடம்தான் வரும்."

மறுநாள் வேலையாட்களும் காவல்காரரும் சாப்பிடப் போன நேரம். கரியன் பிளாஸ்டிக் பைகளைக் கொத்திவந்து தொட்டியின் வாயில் போட்டது. செவலை கிழிந்த சேலைகளை இழுத்துவந்து தள்ளியது. சில நாள் இப்படியே செய்தன. குழாய் அடைத்துக்கொண்டது. தொட்டி இயங்காமல் நின்றது. வேலையாட்கள் தொட்டிக் கொட்டகையின் கதவைப் பூட்டிவிட்டுப் போனார்கள்.

லாரிகள் மறுபடியும் மேட்டுக்கு வந்தன. சோறு, குழம்பு, எலும்பு! செவலை வயிறாரத் தின்றது. தின்றது போக மிச்சமெல்லாம் மேட்டுக்குள்ளேயே புதைந்து அழுகியது. பால் சுரந்தது. குட்டிகள் கண் திறந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாடின. "பார்த்தாயா!" என்று கரியன் பெருமையடித்தது.

கோடை வந்தது. ஒரு நண்பகலில் செவலை, தூங்கும் குட்டிகளை வளைக்குள் விட்டுவிட்டு, தண்ணீர் குடிக்க ஏரிக்குப் போனது. திரும்பிப் பார்த்தபோது மேட்டின் வயிற்றிலிருந்து புகை குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது.

செவலை பாய்ந்தோடியது. வளையின் வாயில் தீ. முன்கால்களால் தோண்டியது. பாதம் வெந்தது. மறுபடி தோண்டியது. உள்ளேயிருந்து ஒரு சின்ன முனகல் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

"கரியா! ஏதாவது செய்யேன்!"

"நான் என்ன செய்வேன்? எனக்குச் சிறகு இருக்கிறது, தப்பித்துவிடுவேன்; உனக்குத்தான் சிறகில்லை!" என்று கத்திவிட்டு, காகம் ஊர்ப்பக்கம் பறந்துவிட்டது.

தீ அணைய இரண்டு நாள் ஆயிற்று. செவலை நொண்டி நொண்டி உரப்படுக்கைக்கு வந்தது. படுக்கை காய்ந்து கிடந்தது. சாக்கின் அடியில் அந்த மண்புழு மட்டும் எப்படியோ உயிரோடு இருந்தது.

"என் குட்டிகளை நானே கொன்றுவிட்டேனா?" என்று கேட்டது செவலை.

மண்புழு சாக்கின் அடியிலிருந்து மெல்ல வெளியே வந்தது. பிறகு, "இரண்டு இடத்திலும் ஒரே வாயுதான், தாயே. தொட்டிக்குள் இருந்தால் சோறு வேகும். மேட்டுக்குள் இருந்தால்..." என்று சொல்லவந்து நிறுத்திக்கொண்டது.

செவலையின் மடியில் பால் கட்டி வலித்தது. குடிக்க யாரும் இல்லை. அது பூட்டிய கதவின் முன்னால் சுருண்டு படுத்துக்கொண்டது.

தன் பசிக்காக ஊருக்கு நன்மை செய்வதைக் கெடுப்பவர், தன் வீட்டுக்குத் தானே தீ வைத்துக்கொள்கிறார்.