ஓயாமல் தட்டிய வெள்ளெலி

கரட்டு ஓரத்துக் கம்பங்கொல்லைக்கு அடியில் ஒரு வெள்ளெலிக் கூட்டம் வளை தோண்டிக் குடியிருந்தது. அந்தக் கூட்டத்தில் துடியன் என்ற வெள்ளெலிக்கு ஒரே வேலைதான். பின்னங்காலால் தரையைத் தட்ட வேண்டும். இதென்ன பெரிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அத்தனை எலிகளின் உயிரும் அந்தக் காலை நம்பித்தான் இருந்தது.

கொல்லையிலிருந்து கம்பு வந்து இறங்கியதும் துடியன் 'தொம், தொம்' என்று தட்டுவான். அந்தச் சத்தம் கேட்டதும் சேமிப்புக் குழிகளான குதிர்களைக் காக்கும் எலிகள் தானியத்தை உள்ளே வாங்கி அடுக்கும். சத்தம் கேட்கிறவரை ஒரு மணிகூட வெளியே போகாது. சத்தம் நின்றால்தான் குதிர்கள் கொடுக்கத் தொடங்கும். அடுத்த சுமை வரும்வரை வளை முழுக்க அதைத் தின்றுதான் வாழும்.

கூட்டத்துக்கு நாட்டாமை நெடுமீசை. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அவர் குட்டியாக இருந்தபோது, அப்போதைய தட்டுக்கார எலியை ஆந்தை தூக்கிப்போய்விட்டது. தட்ட ஆள் இல்லை. வந்த கம்பைக் குதிர்கள் வாங்கவில்லை, அது வழியிலேயே கிடந்து மக்கியது. உள்ளே இருந்ததோ நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் வெளியே போய்க்கொண்டே இருந்தது. குதிர்கள் துடைத்துவிட்டது போலக் காலியாயின. எலிகள் எலும்பும் தோலுமாகிச் செத்தன. நெடுமீசையின் தாயும் அதில் போய்விட்டாள்.

பாவம், அந்தப் பயம் அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. அவர் நாட்டாமை ஆனதும் போட்ட முதல் உத்தரவு இதுதான்: "துடியா, தட்டுறது நிக்கவே கூடாது."

"கம்பு வந்தாத்தானே தட்டணும், நாட்டாமை?"

"வரவைக்கிறேன். நீ தட்டு."

சொன்னபடியே செய்தார். வேளைக்கு ஒரு சுமையாக வந்துகொண்டிருந்த கம்பு, இப்போது கொஞ்சம் கொஞ்சமாக ஓயாமல் வந்தது. ஒருத்தன் அரைக் கதிரோடு வருவான். அவன் இறக்கி முடிப்பதற்குள் இன்னொருத்தன் நாலு மணியோடு வந்து நிற்பான். துடியனின் கால் ஓய நேரமில்லை.

முதலில் எல்லாருக்கும் கொண்டாட்டம்தான். வழியில் சிந்திய மணிகளே தின்னப் போதுமாயிருந்தன. குதிர்கள் பெருத்தன. பக்கத்து மண்ணைப் பறித்து அகலமாக்கினார்கள். அது போதாமல் புதுக் குதிர்களும் தோண்டினார்கள். எல்லாவற்றிலும் பெரிய குதிருக்குக் காவலிருந்த தொந்தியம்மா, வருகிற போகிறவர்களிடமெல்லாம், "என் குதிர் எவ்வளவு பெருசு பார்த்தியா? எவ்வளவு வந்தாலும் வாங்கிக்கும்" என்று பெருமையடித்துக்கொண்டாள்.

ஆனால் எதற்கும் ஓர் எல்லை இருக்கிறது இல்லையா? கேட்டுக் கேட்டுக் குதிர்க்காரிகளுக்குக் காது மரத்துப்போனது. முன்பு மெல்லத் தட்டினாலே வாங்கியவர்கள் இப்போது ஓங்கித் தட்டினாலும் வாங்க அசையவில்லை. சத்தம் ஓயாததால் கொடுக்கவும் இல்லை. "இன்னும் பலமாத் தட்டுடா" என்றார் நெடுமீசை. துடியன் பலமாகத் தட்டினான். பாதம் வெடித்து ரத்தம் கசிந்தது. குதிர்கள் வாங்காத கம்பு நடைவழியிலும், படுக்கிற இடத்திலும், குட்டிகள் கிடக்கும் அறையிலும் சிதறி ஈரத்தில் பூசணம் பிடித்தது. அதைத் தின்ற கிழடுகள் வயிறு கெட்டுச் சுருண்டு படுத்தன.

துடியனுக்கு இதெல்லாம் அரைகுறையாகத்தான் தெரியும். அவனுக்கான தீனியைச் சுமைக்காரர்கள் கொண்டுவந்து வாயில் போட்டுவிட்டுப் போவார்கள். வீட்டுப் பக்கம் போயே நாளாகிவிட்டது. அவன் மனைவி சாம்பி குட்டி போட்டிருந்தாள். எத்தனை குட்டி என்றுகூட அவன் இன்னும் பார்க்கவில்லை. ஆனாலும் தன் கால் ஓடுகிறவரை அவற்றுக்குக் குறையிருக்காது என்று நம்பினான். அந்த நம்பிக்கையில்தான் வலியைப் பொறுத்துக்கொண்டான்.

ஒருநாள் சாம்பியே வந்தாள். அவன் முதலில் யாரோ கிழவி என்று நினைத்துவிட்டான், அப்படி இளைத்திருந்தாள். வாயில் கவ்வி வந்த குட்டியை அவன் முன்னால் கிடத்தினாள். அது அசையவில்லை.

"பால் இல்லைங்க" என்றாள். "இருந்த மட்டும் கொடுத்தேன்."

துடியன் குட்டியை முகர்ந்து பார்த்தான். "குதிர் நிறையக் கம்பு கிடக்கே. தொந்தியம்மாகிட்டக் கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்காம இருப்பேனா? வழியில கிடக்கிறதெல்லாம் பூசணம். தினமும் அவ வாசல்லதான் கிடந்தேன். 'உன் வீட்டுக்காரன் தட்டிக்கிட்டே இருக்கான். சத்தம் கேட்கிறப்ப நான் எப்படித் தருவேன்'னு கேட்டா. அவளும் அழுதா. நான் என்ன சொல்ல?"

அவள் பேசிக்கொண்டிருந்தபோதும் அவன் கால் தட்டிக்கொண்டுதான் இருந்தது. தொம், தொம். துடியன் குனிந்து தன் காலைப் பார்த்தான். பக்கத்தில் கிடந்த குட்டியைப் பார்த்தான். பிறகு காலை மடக்கி வயிற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

வளை முழுக்க அமைதியானது. நெடுமீசை மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"தட்டுடா! எல்லாரையும் கொல்லப் பார்க்கிறியா? அன்னைக்கு என் கண்ணெதிர்ல எப்படிச் செத்தாங்க தெரியுமா?"

"தெரியும், நாட்டாமை. அன்னைக்குத் தட்ட ஆளில்லாம செத்தாங்க. இன்னைக்கு நான் நிறுத்தாததால என் பிள்ளை செத்துப்போச்சு." துடியன் குட்டியை அணைத்துக்கொண்டான். "வேலையையே விட்டுடுவேன்னு சொல்லலை. சுமை வந்தா தட்டுவேன். அடுக்கி முடிச்சா நிறுத்துவேன். இடையில நாலு மணியைத் தூக்கிக்கிட்டு எவனும் வரக் கூடாது."

"குதிர் காலியாயிட்டா?"

"கொஞ்சம் காலியாகட்டும். அதுக்குத்தானே வச்சிருக்கோம்?"

நெடுமீசை குதிர்களின் பக்கம் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். குதிர்கள் உடனே திறக்கவில்லை. அத்தனை காலம் வாங்கியே பழகியவை ஆயிற்றே! சத்தம் நின்றுவிட்டது என்பதையே தொந்தியம்மாவால் நம்ப முடியவில்லை. இறுகிப்போன வாசலைப் பல்லால் கடித்து, காலால் பறித்து, மெல்ல மெல்லத் திறந்தாள். முதலில் ஒரு மணி உருண்டு வந்தது. பின்னாலேயே ஒரு கைப்பிடி சரிந்தது. சாம்பி அதன்மேல் விழுந்து தின்றாள். ஒரு கிழட்டு எலி தட்டுத் தடுமாறி வந்தது. அதற்கு நெடுமீசையே அள்ளிக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து தன் தாயை நினைத்து அழுதார்.

மற்றக் குட்டிகள் பிழைத்துக்கொண்டன. குதிர்க்காரிகளுக்கு மரத்த காது சரியாக வெகுகாலம் பிடித்தது. துடியன் தன் வேலையை விடவில்லை. சுமை வந்தால் தட்டினான், அடுக்கி முடிந்ததும் நிறுத்தினான். நிறுத்தியதும் வீட்டுக்குப் போய்க் குட்டிகளின் பக்கத்தில் படுத்துக்கொண்டான். போன குட்டி மட்டும் திரும்பி வரவில்லை.

நம் உடம்பிலும் இப்படி ஒரு துடியன் இருக்கிறான், இன்சுலின் என்று பெயர். சாப்பிட்டதைக் கொழுப்பாகச் சேர்த்து வை என்று சொல்வதும், அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும் வரை சேர்த்ததை வெளியே விடாமல் பிடித்து வைப்பதும் அவன்தான். அவன் இல்லாமலே போனால் உடம்பு உருகிப்போகும், நாம் ஓயாமல் கொறித்து அவனை ஓயாமல் தட்டவைத்தால் கொழுப்புக் குதிர்கள் பெருத்து, காது மரத்து, கல்லீரல் போன்ற வைக்கக் கூடாத இடத்திலெல்லாம் கொழுப்பு சிதறும்.

ஆகவே, சேர்த்து வைக்க ஒரு வேளை ஒதுக்குகிறவர்கள் சேர்த்ததை எடுத்துச் செலவழிக்கவும் ஒரு வேளை விட வேண்டும்.