மினாராவில் ஏறிய கண்கள்

முன்னொரு காலத்தில், கொத்தனார்களுக்கு ஓய்வே கிடைக்காத ஒரு ராஜ்யத்தை ஒரு சுல்தான் ஆண்டுவந்தார். பக்கத்து நாட்டுப் பள்ளிவாசலின் மினாராக் கோபுரம் நூறு முழ உயரம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்று பிடித்தது வேகம். நூற்றைம்பது முழத்தில் எழும்பியது நம் மினாரா. அதன் உச்சியைப் பார்க்க அண்ணாந்தவர்களின் தலைப்பாகை விழுந்ததை, சுல்தான் தமக்குக் கிடைத்த மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்.

அதில் ஏறித் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லும் மோதினார் வேலை, அரண்மனை விகடன் பிச்சைக்கனியின் மச்சான் ஈசாவுக்குக் கிடைத்தது. தன் மருமகனுக்கு அந்த வேலையைக் கேட்டிருந்த தலைமை அமைச்சரான வஜீர் முத்தலிபுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஒருநாள் வஜீர் சபையில் எழுந்தார்.

"ஹுஜூர், மோதினார் பாங்கு சொல்லும்போது நான்கு பக்கமும் சுற்றி வருகிறார். அங்கிருந்து தங்கள் மேல்மாடி உள்ளங்கை போலத் தெரிகிறது. வற்றலுக்குக் காயும் மிளகாயைக்கூட எண்ணிவிடலாம்."

சுல்தானின் முகம் வெளுத்தது. அதற்குக் காரணம் இருந்தது. அறுபது வயதிலும் அவருடைய தாடி காக்கைக் கறுப்பு. அது பரம்பரை வாகு என்று புலவர்கள் பாடிப் பரிசு வாங்கியிருந்தார்கள். உண்மையில் வாரம் ஒருநாள், அஸர் பாங்கு சொல்லும் பிற்பகல் நேரத்தில், அந்த மாடியில் அவர் நரையை மறைக்கத் தாடிக்கு அவுரிச் சாந்து அப்பி, ஆமணக்கு இலையால் கட்டிக்கொண்டு வெயில் காய்வார்.

"மினாராவிலிருந்து என் மாடியைப் பார்த்த கண் பிடுங்கப்படும்" என்றார் சுல்தான்.

ஈசாவை இழுத்து வந்தார்கள். கண் பிடுங்கப் பாயும் விரித்தாயிற்று.

"மேல போனாலே எனக்குத் தலை சுத்தும் ஹுஜூர். கண்ணை மூடிக்கிட்டு, செவுத்தைத் தடவிக்கிட்டுத்தான் சுத்தி வர்றேன்."

யாரும் நம்பவில்லை. கண்ணைத் திறந்து பார்க்காதவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்று வஜீர் சிரித்தார். மச்சானுக்காகப் பிச்சைக்கனி கெஞ்சுவான் என்று சபை காத்திருந்தது. அவனோ தண்டனை நியாயமானதுதான் என்று தலையாட்டிவிட்டு, ஒரே ஒரு சந்தேகம் கேட்டான்.

"பார்த்த கண் யாருடையதா இருந்தாலுமா, ஹுஜூர்?"

"யாருடையதானாலும்."

"அப்ப வஜீர் அவர்களுக்கும் ஒரு பாய் விரிக்கச் சொல்லுங்க. மிளகாயை எண்ணினது அவங்கதானே? அன்னிக்கு மாடியில வேற என்னென்ன காய்ஞ்சதுன்னும் கேட்டுக்கலாம்."

சுல்தானின் கை தானாகத் தாடிக்குப் போனது. வஜீரின் பார்வையும் ஒரு நொடி அங்கே போய், அவசரமாகத் தரைக்கு வந்தது.

"நான் ஏறிய அன்று மூடுபனி, ஹுஜூர். நான் எதையும் பார்க்கவில்லை" என்றார் வஜீர்.

"சித்திரை மாசத்துல மூடுபனி" என்றான் பிச்சைக்கனி. "அப்ப அங்கேருந்து மாடி தெரியாது?"

"தெரியாது."

"மிளகாய்?"

"அரண்மனையே தெரியாது."

"தெரியாத மாடியை என் மச்சான் எப்படிப் பார்த்திருப்பார், ஹுஜூர்?"

சுல்தான் முதலில் இருமிப் பார்த்தார். பிறகு அடக்க முடியாமல் வயிறு குலுங்கச் சிரித்தார். ஈசா தன் இரண்டு கண்களோடும் அஸர் பாங்குக்கு ஓடினார். பார்வை சரியில்லாத வஜீருக்கு வைத்தியம் என்று ஒரு மண்டலம் கண்ணில் வெங்காயச் சாறு விட உத்தரவானது.

பிச்சைக்கனிக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. அதன் மடிப்புக்குள் ஒரு சிமிழ் நிறைய அவுரிச் சாந்து இருந்தது. அவன் நரைத்த தாடியை ஓரக்கண்ணால் பார்த்தபடி சுல்தான் காதோடு சொன்னார்:

"வீட்டுக்குள்ளேயே பூசிக்கொள்."