எலினெட்டுக்கு ஒரு கரண்டி

ஆளைவிட ஆடு அதிகம், வெயிலைவிட மழை அதிகம் என்று ஒரு தேசம் இருந்ததாம். வேல்ஸ் என்று பேர். அங்கே இடிரிஸ் என்று ஓர் ஆட்டுக்காரன். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் தறி போட்டிருந்த எலினெட் மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை.

அந்த ஊரில் ஆசையை வாயால் சொல்ல மாட்டார்கள். ஒரே மரத்துண்டில் கரண்டி செதுக்கிக் கொண்டுபோய் நீட்டுவார்கள். காம்பில் இதயம் இருந்தால் ஆசை. சாவி இருந்தால் என் வீடு உன் வீடு. சக்கரம் இருந்தால் உனக்காக உழைப்பேன். அவள் வாங்கிக்கொண்டால் மேற்கொண்டு பேசலாம்.

இடிரிஸ், மரம் செதுக்கும் கெயின்வென் என்பவளிடம் சீடனாகச் சேர்ந்தான். அவளுக்கும் ஏறக்குறைய அவன் வயதுதான். குளிர்காலம் முழுக்க எங்கேயும் போகாமல் உட்கார்ந்து ஒரு கரண்டியை முடித்தான். இதயம், சாவி, சக்கரம், தொங்கலுக்கு ஒரு சங்கிலி. ஒன்றையும் விடவில்லை.

"குருவே, சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டேனா? ஏதாவது பாக்கி இருக்கா?"

கெயின்வென் காம்பைப் பார்க்கவே இல்லை. கரண்டியின் வாயை விரலால் தடவினாள். வலது கையால் குடிக்க வாகாக ஒரு பக்கம் சாய்த்திருந்தான்.

"அவ எந்தக் கையால சாப்பிடுவா?"

இடிரிஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. குரு ஏதோ பெரிய சூட்சுமம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். வலது கை கொடுக்கிற கை. இடது கை இதயத்தின் பக்கம். ஆடு மேய்க்கும்போது ஆடுகளிடமே கேட்டுப் பார்த்தான். அவை மென்றுகொண்டே இருந்தன.

"கொடுப்பதுதான் வாழ்க்கை. அதனால வலது கை. சரியா, குருவே?"

"என்னைக் கேட்டா? போய்ப் பார்த்துட்டு வாப்பா."

போனான். சாப்பாட்டு வேளை.

"உட்காருய்யா, சூடா ஆட்டுக்கறி சூப் இருக்கு," என்றான் எலினெட்டின் அண்ணன். "குளிர்காலம் பூரா எந்தப் பொந்துல கிடந்தே?"

இடிரிஸ் உட்கார்ந்து எலினெட்டின் கையையே பார்த்தான். அவள் இடது கையால் குடித்துக்கொண்டிருந்தாள். பாதி சிந்தியது. வலது கை சால்வைக்குள் இருந்தது. மூலையில் தறி துணி போட்டு மூடிக் கிடந்தது.

"பனியில வழுக்கி விழுந்தா," என்றான் அண்ணன். "கை எலும்பு இன்னும் கூடல."

கிளம்பும்போது எலினெட் வாசல் வரை வந்தாள்.

"வர்றவங்க எல்லாம் என் முகத்தைப் பார்த்துப் பேசிட்டுப் போயிடுவாங்க. நீங்க ஒருத்தர்தான் கையையே பார்த்தீங்க. இனிமே வராதீங்க."

கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.

திரும்பி வந்த இடிரிஸ் கெயின்வென் எதிரில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"இடது கை, குருவே."

நடந்ததையெல்லாம் சொன்னான்.

"கோபமா, அழுகையா, ஒண்ணும் பிடிபடல. வேண்டாம்னு சொல்றாளா? இல்லை, வேற என்னமோ சொல்றாளா?"

கெயின்வென் புதிதாக ஒரு மரத்துண்டை எடுத்தாள். கரியால் அதன்மேல் ஒரு கோடு இழுத்தாள். சாய்வு இந்த முறை மறுபக்கம்.

"குழி ஆழமா இருக்கட்டும். கை பழகுற வரைக்கும் சிந்தும்."

"காம்புல என்ன செதுக்கட்டும்?"

"வழுக்காம இருக்கணும்."

"அவ்வளவுதானா? ஒரு இதயம்கூட வேண்டாமா?"

அவள் உளியைத் துடைத்தாள்.

"வராதேன்னுட்டாளே, குருவே. அப்புறம் யாருக்காகச் செதுக்கறது?"

"நீ போகாத நாள்ல அவளுக்குப் பசிக்காதா?"

இடிரிஸ் மரத்துண்டை மேலங்கிக்குள் வைத்து மூடிக்கொண்டு எழுந்தான். ஒன்றும் விளங்காமலே மழையில் இறங்கி நடந்தான்.