புல்லோடு கிடந்த கழுத்து

தென்னாப்பிரிக்காவில் கரும்புத் தோட்டங்களை விட்டு வெகுதூரம் உள்ளே தள்ளி ஒரு புல்வெளி. அங்கே பேச்சாயி அம்மா குடிசை போட்டுத் துறவியாய்த் தனியே வாழ்ந்தார். தோட்டத்திலிருந்து வீரபத்திரன் அவரைத் தேடி வந்தார். வயதில் வீரபத்திரன்தான் மூத்தவர். ஆனாலும் சீடனாக ஏற்றுக்கொள்ளச் சொல்லி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு காலத்தில் அவர் சிலம்பக் கம்பு எடுத்தால் எதிரே நிற்க ஆளிருக்காது. அப்படிப்பட்டவர் முகத்தில், ஊரே பார்த்திருக்க, கங்காணி காறித் துப்பினான். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தோட்டத்து அடி பொறுக்காமல் ஓடிவந்த ஒருத்தி, கைக்குழந்தையோடு அவர் குடிசைக்குள் பதுங்கியிருந்தாள். அவளைத் தேடி வந்த கங்காணி சிரித்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமலே போய்விட்டான். அவள் தப்பிவிட்டாள். அவருக்குக் கோழை என்ற பெயர் மிஞ்சியது.

"அன்னைக்கு நான் கம்பை எடுத்திருக்கணுமா அம்மா?"

பேச்சாயி அம்மா எழுந்தார். உச்சி வெயிலில் அவரை வெளியே கூட்டிப்போனார்.

தூரத்தில் கறையான் புற்று மாதிரி ஏதோ தெரிந்தது. கிட்டப் போன பிறகுதான் அது நெருப்புக்கோழி என்று தெரிந்தது. பழுப்பு நிறப் பெட்டை. முட்டைகளின் மேல் உட்கார்ந்து, நீண்ட கழுத்தைத் தரையோடு தரையாகக் கிடத்தியிருந்தது.

"பயந்து தலையை மண்ணுக்குள்ள புதைச்சிருக்கோ?"

"கண்ணைப் பாருங்க அண்ணே."

கண் திறந்தே இருந்தது.

ஒரு நரி வந்தது. பறவை அசையவில்லை. நரி கடந்துபோனது. என்ன வாடை பட்டதோ, சட்டென்று திரும்பி முட்டைகளை நோக்கி நேராக வந்தது.

பறவை எழுந்தது. ஆள் உயரத்தையும் தாண்டி எழுந்தது. பறக்க உதவாத அந்த இறக்கைகள் இரண்டும் அகல விரிந்தன. ஒரே உதை. நரி உருண்டுபோய் விழுந்து, நொண்டிக்கொண்டே ஓடியது.

வீரபத்திரனுக்கு நெஞ்சு விம்மியது. தன்னையறியாமல் முதுகு நிமிர்ந்து நின்றார்.

ஓடுகிற நரியைப் பறவை கண்டுகொள்ளவே இல்லை. அலகால் முட்டைகளை மெல்லப் புரட்டிவிட்டது. உட்கார்ந்தது. கழுத்தை மறுபடியும் புல்லோடு சாய்த்துக்கொண்டது.

அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஜெயிச்ச பிறகும் எதுக்கும்மா தலையைத் தாழ்த்துது?"

"அது ஜெயிக்கவா உட்கார்ந்துச்சு?" என்றார் பேச்சாயி அம்மா. "அடைகாக்க உட்கார்ந்திருக்கு அண்ணே."