படத்தில் இல்லாத திட்டு

முதலில் வம்புக்கு வந்தவர் ஜமீன்தார் துரைச்சிங்கம்தான். ஆற்று நடுவே இருந்த திட்டில் கோடை மாளிகை கட்ட ஆசைப்பட்டு, அங்கே குடியிருந்த பரிசல்காரன் சடையனின் கூரையைப் பிய்த்து எறியச் செய்தார். பிறகு அவனை அரண்மனைக்கு இழுத்துவரச் சொன்னார்.

கூடம் முழுக்கப் புது வரைபடம் விரிந்திருந்தது. சடையன் வாய்பிளந்து நின்றான். மேலே வடக்கு, கீழே தெற்கு; மலையெல்லாம் விரல் உயரம்; ஆயுசெல்லாம் அவன் துடுப்புப் போட்ட ஆறு ஒரு நீலக் கோடு!

"படத்தில் இருக்கிற இடத்தில்தான் குடியிருக்கலாம். உன் திட்டு எங்கேடா? காட்டு!" என்றார் ஜமீன்தார்.

நீலக் கோட்டில் திட்டே இல்லை.

"சாமி, இந்தச் சிவப்புக் கோடு என்னங்க?"

"என் எல்லை. எனக்குச் சொந்தமானது ஒன்றுவிடாமல் அதற்குள் இருக்கிறது."

"அப்போ என் திட்டு உங்களுது இல்லீங்களே. வேற யாரோ ராசா சீமை போலிருக்கு. அவர் சொன்னாத்தான் கிளம்புவேன்."



"என் ஆற்றில் இன்னொருவன் சீமையா? வரையடா திட்டை!" என்று படம் வரைந்த ஓவியனிடம் கத்தினார் ஜமீன்தார். ஓவியன் நீலக் கோட்டின் நடுவே ஒரு பச்சைப் புள்ளி வைத்தான்.

சடையன் கும்பிட்டான். "இப்போ படத்தில் இருக்குதுங்க. குடியிருக்கலாம்னு நீங்களே சொன்னீங்க."

மலையும் ஆறும் இருக்கிற படத்தில் அவன் வீடும் ஏறிவிட்டது. பிய்த்த கூரையை மட்டும் ஜமீன்தார் இன்றுவரை வேய்ந்து தரவில்லை.